போடுறது சுகம், நிப்பாட்டுறதுதான் பாடு

எங்கள் வீட்டுத் தண்ணித் தாங்கி நிரம்பி வழிவது முதலில் ஒழுங்கைக்குத்தான் தெரியும். மதிலடியால் ஓடி, முன்வீட்டுப் படலையடியில் சேறாகி, "தம்பி, உங்கட மோட்டர் ஓடுது போல" என்று முன்வீட்டு அன்ரி குரல் கொடுத்த பிறகுதான் நாங்கள் எழும்பி ஓடுவோம். 2022 இல் இது உச்சத்துக்குப் போனது. அந்தப் பங்குனி (மார்ச்) கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டரைப் போட வேண்டும். அது பல நாளில் நடுச்சாமமாக இருக்கும். அம்மா ஆளியைப் போட்டுவிட்டு, கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிடுவா. ஆயிரம் லீற்றர் தாங்கி நிரம்ப முக்கால் மணித்தியாலம், அம்மா முழிக்க இரண்டு மணித்தியாலம்.

தண்ணீர் வழிந்தால் என்ன, காசு கொடுத்தா வாங்கினோம் என்று கேட்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றால் எடுக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் அடியில் நிற்கிற உவர் மேலே ஏறிவிடும். கோடையில் தேத்தண்ணியின் ருசி மாறுகிற வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"மோட்டரைப் போடுறது சுகமடா, நிப்பாட்டுறதுதான் பாடு" என்று அம்மா சொன்னபோது சிரித்தேன். தாங்கி நிரம்பினால் மோட்டர் தானாக நிற்கிற மாதிரி ஒரு சின்னச் சுற்றுச் செய்யலாம், இரண்டு பின்னேரத்து வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதத்தில் என்னிடம் பழுதானவை பெரும்பாலும் நிப்பாட்டப் போன நேரத்திலேயே பழுதாயின.

நான் மின்னியல் படித்தவன் இல்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தேன், இப்போது கணக்குப் பார்க்கிற வேலை. பள்ளிக்கூடத்தில் திரான்சிற்றர் என்றும், அதன் கால்கள் மூன்றும் சேகரிப்பான், அடி, காலி என்றும் படித்தது ஞாபகம் இருந்தது. கடைக்குப் போய் "காலி எந்தப் பக்கம்?" என்று கேட்டபோது, கடைப் பெடியன் வெறும் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். அன்றிலிருந்து கொலெக்ரர், பேஸ், எமிற்றர்தான். எங்கள் வீட்டிலோ ட்ரான்சிஸ்டர் என்றால் அப்பாவின் றேடியோ. அதனால் நான் "ட்ரான்சிஸ்டர் எரிஞ்சு போச்சு" என்று சொன்ன அன்று அம்மா அலுமாரியைத் திறந்து றேடியோவைப் பார்த்துவிட்டு வந்தா.

மருமகளின் பள்ளிக்கூட வேலைக்காக வாங்கின ஆர்டுயினோ ஊனோ ஒன்று, அதாவது நிரல் எழுதி ஓட்டுகிற ஒரு சின்னக் கணினிப் பலகை, வீட்டில் சும்மா கிடந்தது. நீல நிறத்தில் சீனிக்கட்டி மாதிரி வருகிற 5 வோல்ற் ரிலே ஒன்று வாங்கினேன். ரிலே என்பது கம்பிச் சுருளால் இழுபடுகிற ஓர் ஆளி. சுருளில் மின்னோட்டம் போனால் உள்ளே இருக்கிற இரும்புத் தகடு இழுபட்டு, மறுபக்கத்தில் இருக்கிற தொடுகைகள் சேரும். ஓட்டம் நின்றால் வில் தகட்டைத் திருப்பி இழுத்துவிடும். சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு எடுக்கிற இந்த உபாயம் தந்திக் காலத்தில் இருந்தே இருக்கிறது.

ஆர்டுயினோவின் ஏழாம் இலக்கக் காலில் சுருளின் ஒரு முனை, மற்ற முனை கிரவுண்டில், அதாவது மின்வழங்கியின் மறை முனையில். நேரே கொழுவினேன். ஒரு தரம் "டிக்" என்றது. அடுத்த தரம் பேசாமல் இருந்தது. பிறகு இரண்டு தரம் டிக். மீற்றரை வைத்துப் பார்த்தேன், சுருளுக்குக் கிடைத்தது 3.6 வோல்ற். அந்த ரிலே நிச்சயமாக இழுக்க 3.75 வோல்ற் வேண்டும். அரைமணித்தியாலத்தில் ஏழாம் கால் ஒன்றுக்கும் உதவாமல் போனது.

கணக்கை முதலே போட்டிருக்கலாம். சுருளின் தடையை மீற்றரால் அளக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. 70 ஓம் காட்டியது. 5 வோல்ற்றை 70 ஆல் வகுத்தால் 71 மில்லியம்பியர். ஆர்டுயினோவின் ஒரு கால் 20 மில்லியம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது, 40 ஐத் தாண்டினால் அதன் பாடு. கணக்குப் பார்க்கிறவனே கணக்குப் பார்க்காமல் கொழுவினேன்.

இந்த இடத்தில்தான் ட்ரான்சிஸ்டர் வருகிறது. அதைப் பாடப்புத்தகம் விளக்கினதைவிட, கோண்டாவிலில் எங்கள் மாமாவின் தோட்டத்தில் நின்றால் நன்றாக விளங்கும். மிசின் தண்ணீரை வாய்க்காலில் இறைத்துக்கொண்டிருக்கும். ஒருவர் மண்வெட்டியோடு நின்று தண்ணி மாறுவார். பாத்தியின் வாயில் ஒரு கொத்து மண்ணை எடுத்தால் தண்ணீர் உள்ளே போகும், திரும்ப வைத்தால் நின்றுவிடும். அவர் தண்ணீரைத் தள்ளுவதில்லை, தள்ளுவது மிசின். அவர் செலவழிப்பது ஒரு கொத்து மண்ணின் பாரம் மட்டும். பேஸுக்குக் கொடுக்கிற சின்ன ஓட்டம் அந்த மண்வெட்டி. கொலெக்ரரில் இருந்து எமிற்றருக்குப் போகிற பெரிய ஓட்டம் மிசின் தண்ணீர், அது நேரே மின்வழங்கியில் இருந்து வருகிறது.

கொழுவுகிற முறை இவ்வளவுதான். எமிற்றர் கிரவுண்டில். கொலெக்ரர் ரிலேச் சுருளின் ஒரு முனையில். சுருளின் மற்ற முனை 5 வோல்ற்றில். ஆர்டுயினோவின் காலில் இருந்து ஒரு தடை வழியாகப் பேஸுக்கு ஒரு கம்பி. ரிலேக்கு வேறு மின்வழங்கி வைத்தால் இரண்டின் கிரவுண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் பேஸுக்குப் போன ஓட்டம் திரும்பி வர வழி இராது.

அந்தத் தடையை எத்தனை ஓம் போடுவது என்பதில்தான் பலர் குழம்புவார்கள். நான் போட்ட ட்ரான்சிஸ்டர் பிசி547. பெறுமானத் தாளில் அதன் பெருக்கம், அதாவது பேஸ் ஓட்டத்தைப்போல எத்தனை மடங்கு கொலெக்ரரில் போகும் என்பது, நூற்றுக்கு மேல் என்று இருக்கும். உடனே 71 ஐ நூறால் வகுத்து, பேஸுக்கு ஒரு மில்லியம்பியர் போதும் என்று நினைப்போம். போதாது. நூறு என்பது ட்ரான்சிஸ்டர் அரைவாசி திறந்து நிற்கிற நிலையில் உள்ள கணக்கு. ஆளியாக வேலை செய்ய அது முழுதாகத் திறந்து நிற்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் நிரம்பல் நிலை என்று படித்தது இதைத்தான். அரைவாசி திறந்தால் ரிலேக்குப் போக வேண்டிய வோல்ற்றளவில் ஒரு பங்கு ட்ரான்சிஸ்டரிலேயே விழுந்து அதைச் சுடவைக்கும். அதனால் பேஸுக்குச் சுருள் ஓட்டத்தில் பத்தில் ஒன்று கொடுப்பது வழமை. 71 இல் பத்தில் ஒன்று 7 மில்லியம்பியர். கால் தருவது 5 வோல்ற், பேஸுக்கும் எமிற்றருக்கும் நடுவில் 0.7 போகும், மிச்சம் 4.3. அதை 7 மில்லியம்பியரால் வகுத்தால் 614 ஓம். கடையில் கிடைப்பது 560 அல்லது 680. என்னிடம் இருந்தது ஆயிரம் ஓம். அதில் 4.3 மில்லியம்பியர்தான் போகும், ஆனாலும் வேலை செய்தது. பிசி547 தாங்குவது அதிகபட்சம் 100 மில்லியம்பியர் என்பதால் 71 கொஞ்சம் கிட்டத்தான். இப்போது நான் பிசி337 பாவிக்கிறேன். கால்களின் ஒழுங்கு பிசி547 இன் ஒழுங்கேதான், தாங்குவது 800 மில்லியம்பியர்.

இரண்டு நாள் எல்லாம் சரியாக ஓடியது. தாங்கிக்குள் ஒரு மிதவை ஆளி, அது மேலே வந்தால் ஆர்டுயினோ ரிலேயை விடும், மோட்டர் நிற்கும். அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டா. மூன்றாம் நாள் இரவு அன்ரியின் குரல்.

நான் போனபோது ஆர்டுயினோவில் இருந்த சின்ன வெளிச்சம் அணைந்திருந்தது. அதாவது அது "நில்" என்று சொல்லிவிட்டது, ஆனால் ரிலே விடவில்லை. பேஸ் கம்பியைக் கழற்றினேன். அப்போதும் ரிலே இழுத்தபடியே நின்றது. ட்ரான்சிஸ்டரைக் கழற்றி, மீற்றரைப் பீப் அடிக்கிற நிலையில் வைத்து, கொலெக்ரருக்கும் எமிற்றருக்கும் பிடித்தேன். பீப். கம்பிகளை மாற்றிப் பிடித்தேன். பீப். நல்ல ட்ரான்சிஸ்டரில் இந்த இரண்டு கால்களுக்கும் நடுவில் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒன்றும் கேட்கக் கூடாது. உள்ளுக்குள் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டது. ட்ரான்சிஸ்டர் எரிந்தால் சுற்று அறும், மோட்டர் நின்றுவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அது செத்தால் அனேகமாகத் திறந்தபடியே, அதாவது மோட்டர் ஓடுகிற நிலையிலேயே சாகும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட பழைய றேடியோக்கள் திருத்துகிற ஐயா ஒருவர் இருக்கிறார். செத்த ட்ரான்சிஸ்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"டயோட் போட்டனீரே?"

"இல்லை ஐயா."

"ம். கையைத் தாரும்."

மேசையில் கிடந்த பழைய 12 வோல்ற் ரிலே ஒன்றை எடுத்தார். சுருளின் இரண்டு கம்பிகளையும் என் ஒரு கையின் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் பிடிக்கச் சொன்னார். 9 வோல்ற் பற்றரி ஒன்றை அதே கம்பிகளில் தொட்டார். ரிலே டிக் என்றது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. 9 வோல்ற் யாரை அடிக்கும்? பிறகு பற்றரியை எடுத்தார். சுள்ளென்று ஒரு அடி. ரிலேயை மேசையில் போட்டுவிட்டேன்.

"இப்ப விளங்குதே? குடுக்கேக்க ஒண்டும் செய்யாது. எடுக்கேக்கதான் அடிக்கும்."

மோட்டர் நிற்கிற நேரத்தில் குழாயில் "டொக்" என்று ஒரு அடி கேட்கும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நிற்க மனமில்லாமல் வால்வில் மோதுகிற சத்தம் அது. சுருளிலும் அதேதான் நடக்கிறது. ஓட்டம் போகும்போது சுருளைச் சுற்றிக் காந்தப்புலத்தில் சக்தி சேர்ந்திருக்கும். ட்ரான்சிஸ்டர் திடீரென்று அடைத்தால், அந்த ஓட்டத்தைத் தொடர்ந்து ஓட வைக்கச் சுருள் தன் வோல்ற்றளவை ஏற்றிக்கொண்டே போகும். 5 வோல்ற் சுற்றுத்தானே என்று நாங்கள் இருப்போம், அந்த ஒரு கணத்தில் கொலெக்ரரில் நூறைத் தாண்டியும் ஏறும். பிசி547 தாங்குவது 45. ஒரு தரத்தில் சாகாவிட்டாலும் ஒவ்வொரு முறை நிப்பாட்டும்போதும் வாங்குகிற அடியில் ஒரு நாள் போகும். என்னுடையது மூன்றாம் நாள் போனது.

அதற்கு மருந்து, ஓட்டத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுகிற ஒரு டயோட், 1என்4007. சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே போட வேண்டும். வெள்ளிக் கோடு இருக்கிற பக்கம் 5 வோல்ற் பக்கத்துக்கு. சாதாரண நேரத்தில் அது வழி விடாமல் சும்மா இருக்கும். ட்ரான்சிஸ்டர் அடைக்கிற கணத்தில் சுருளின் ஓட்டம் டயோட் வழியாகச் சுருளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடும். கொலெக்ரரில் ஏறுவது 5.7 வோல்ற்றோடு நின்றுவிடும். ரிலே விடுவது சில மில்லிசெக்கன் பிந்தும், தாங்கி நிரப்புகிற வேலைக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஐயா காசு வாங்கவில்லை. தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதையைச் சொன்னார். டைனமோவின் ஆடலோட்டத்தை நேராக்க நாலு டயோட் வேண்டும், பழைய செற் ஏதாவது கிடைத்தால் முதலில் கழற்றுவது அதைத்தானாம். "அந்த நாளில டயோட் எண்டா பவுண். இப்ப நீர் அதைப் போடாமல் எரிக்கிறீர்" என்றார். வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் டயோடைப் போட்டேன், திருப்பிப் போட்டேன். மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மங்கலான மேசை வெளிச்சத்தில் கோட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. ரிலேயைப் போடச் சொன்ன உடனேயே 5 வோல்ற் முழுவதும் சுருளை விட்டுவிட்டு டயோட் வழியாக நேரே ட்ரான்சிஸ்டருக்குள் இறங்கியது. சரியா என்று பார்க்க விரலை வைத்தேன். சுட்டுவிரல் நுனியில் பிசி547 இன் தட்டைப் பக்கம் அச்சாகப் பதிந்தது, இரண்டு நாள் அந்த விரலால் சோறு பிசைய முடியவில்லை. எரிந்த பிளாஸ்ரிக் மணம் குசினி வரைக்கும் போய், பருப்பு அடிப்பிடிக்கிறது என்று அம்மா அடுப்பை அணைத்தா. டயோட் போட்ட சுற்றை முதல் முறை போடும்போது ஆர்டுயினோவைக் கொழுவாமல், மீற்றரின் டயோட் நிலையில் சுருளின் குறுக்கே ஒரு தரம் பாருங்கள் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், குறுக்கே சுருள் இருப்பதால் மீற்றர் இரண்டு பக்கமும் ஏதோ காட்டும், ஒன்றும் விளங்காது. அதனால் ஈயம் பிடிக்க முதல் டயோடைத் தனியாகப் பார்த்து, கோட்டைக் கண்ணால் இன்னொரு தரம் பார்ப்பதுதான் வழி. நான் இப்போது கோட்டுப் பக்கத்துக் காலை மட்டும் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டுகிறேன்.

கையில் இருந்த பிசி547 முடிந்துவிட்டது. கடைக்குப் போனால் அங்கேயும் இல்லை. "இதுவும் அதேதான் அண்ணை" என்று பெடியன் 2என்3904 தந்தான். ஒருவிதத்தில் அதேதான், அதுவும் பிசி547 மாதிரி என்பிஎன் வகை. ஆனால் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547 இல் இடமிருந்து வலமாகக் கொலெக்ரர், பேஸ், எமிற்றர். 2என்3904 இல் எமிற்றர், பேஸ், கொலெக்ரர். பழைய ஓட்டையிலேயே செருகினேன். ரிலே இழுக்கவில்லை, ஆனால் முழுதாகச் செத்தும் கிடக்கவில்லை, சுருளில் ஒரு வோல்ற் அளவு காட்டிக்கொண்டு நின்றது. ட்ரான்சிஸ்டரைத் தலைகீழாகப் போட்டாலும் அது கொஞ்சம் வேலை செய்யும், பெருக்கம் மட்டும் படுத்துவிடும். இந்த அரைகுறை வேலைதான் ஆளைச் சுற்றவைக்கும். முழுதாக வேலை செய்யாவிட்டால் உடனே ட்ரான்சிஸ்டரில் சந்தேகம் வரும். அரைகுறையாக இருந்ததால் நான் தடையை மாற்றி, மின்வழங்கியை மாற்றி, நிரலை மாற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். ட்ரான்சிஸ்டரைத் திருப்பிச் செருக ஐந்து செக்கன்.

கரண்ட் போய் வரும்போது இன்னொரு வித்தை காட்டியது. ஆர்டுயினோ எழும்பி நிரலைத் தொடங்கும் வரைக்கும் அதன் கால்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்தச் சின்ன இடைவெளியில் ரிலே தானாக ஒரு தரம் துடிக்கும், மோட்டரும் ஒரு தரம் உறுமி அடங்கும். பேஸில் இருந்து எமிற்றருக்கு ஒரு 10 ஆயிரம் ஓம் தடை போட்டபிறகு அது நின்றது. சாவகச்சேரியில் அக்கா வீட்டுக்கு, கடையில் கிடைக்கிற ரெடிமேட் ரிலே பலகையைப் போட்டேன். அதற்குள்ளும் இருப்பது இதே ட்ரான்சிஸ்டரும் டயோடும், கூடவே இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தால் மட்டும் இணைக்கிற ஒரு ஒளி இணைப்பி. ஆனால் அந்தப் பலகைகளில் பல தலைகீழ்ப் புத்தி உள்ளவை, பூச்சியம் கொடுத்தால்தான் இழுக்கும். அது தெரியாமல் நிரல் எழுதினால் "நில்" என்கிற நேரம் மோட்டர் ஓடும்.

இவ்வளவும் குறைந்த வோல்ற் பக்கத்துக் கதை. பெரிய பிழையை நான் விட்டது மறுபக்கத்தில்.

ரிலேயின் முதுகில் 10 அம்பியர் என்று எழுதியிருக்கும். எங்கள் மோட்டர் அரைக் குதிரைவலு, ஓடும்போது எடுப்பது 3 அம்பியர் அளவு. மூன்று மடங்கு இடம் இருக்கிறதே என்று மோட்டரை நேரே அந்தத் தொடுகைகளில் கொழுவினேன். 10 அம்பியர் என்பது இஸ்திரிப்பெட்டி மாதிரியான சாமான்களுக்கான கணக்கு. மோட்டர் கிளம்புகிற முதல் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். தொடுகை சேரும்போது அது ஒரு தரத்தில் அமைதியாகச் சேராது, பந்து துள்ளுகிற மாதிரிச் சில தரம் துள்ளித்தான் சேரும். ஒவ்வொரு துள்ளலிலும் பொறி. மூன்று மாதத்தில் இரண்டு தொடுகையும் உருகி ஒட்டிக்கொண்டன. திரும்பவும் அன்ரியின் குரல்.

இந்த முறை ஆர்டுயினோவின் பிளக்கையே கழற்றிவிட்டேன். மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ட்ரான்சிஸ்டரில் பிழையில்லை என்பது அதிலேயே தெரிந்தது. மெயின் ஆளியை நிப்பாட்டி, திருகாணிச் சாவியின் பிடியால் ரிலேயின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். "டிக்" என்று விட்டது. பிறகு மூடியைக் கத்தியால் கிளப்பிப் பார்த்தேன். பளபளவென்று இருக்க வேண்டிய தொடுகைகள் கறுத்து, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தன.

ஊரில் வயரிங் வேலை செய்கிற அண்ணை வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "230 வோல்ற் கம்பியும் சார்ஜர் கம்பியும் ஒண்டா முறுக்கி வைச்சிருக்கிறியள். இதைத் தொட்டிட்டுத் தாங்கியைத் தொட்டா?" என்றார். பதில் இல்லை. அவர் சொன்னபடி மோட்டருக்கு ஒரு கொன்ராக்ரரும் (பெரிய பாரத்துக்கான பெரிய ரிலே), மோட்டர் அளவுக்கு மிஞ்சி இழுத்தால் வெட்டிவிடுகிற ஓவர்லோட்டும் போட்டோம். என்னுடைய சின்ன ரிலே இப்போது கொன்ராக்ரரின் சுருளை மட்டும் போட்டு எடுக்கிறது, மோட்டரின் பாரம் முழுக்கக் கொன்ராக்ரரின் தலையில். இரண்டு பக்கத்துக் கம்பிகளும் வெவ்வேறு வழியால் போகின்றன, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அண்ணை என் முன்னாலேயே அமர்த்திக் காட்டினார். அன்றிலிருந்து 230 வோல்ற் பக்கத்தை நான் தொடுவதில்லை. உங்களிடம் அப்படி ஒரு அண்ணை இல்லாவிட்டால் அவரைத் தேடிப் பிடித்த பிறகு மோட்டருக்குக் கிட்டப் போங்கள்.

கொன்ராக்ரர் வந்ததும் புதிதாக ஒரு தொல்லை. அது விடுகிற நேரத்தில் ஆர்டுயினோ மயங்கி விழுந்து திரும்ப எழும்பியது. யோசித்துப் பார்த்தால் ஐயாவின் அதே பாடம்தான், கொன்ராக்ரருக்குள்ளும் ஒரு சுருள் இருக்கிறது, அதுவும் எடுக்கும்போதுதான் அடிக்கும். ஆனால் அது ஆடலோட்டத்தில் ஓடுவதால் இங்கே டயோட் போட முடியாது. போட்டால் ஒரு பக்க அலை முழுக்க டயோட் வழியாகக் குறுக்கே பாய்ந்து பியூஸ் எரியும். 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) தொடராகச் சேர்த்து, கொன்ராக்ரர் சுருளுக்குக் குறுக்கே அண்ணையைக் கொண்டு போடுவித்தேன். கொள்ளளவியில் எக்ஸ்2 என்று எழுதியிருக்க வேண்டும், மெயின் கரண்டில் குறுக்கே போடவென்று செய்தது அதுதான். மயக்கம் தெளிந்தது.

தாங்கிக்குள் மிதவை ஆளிக்கு முதல், செலவு குறையட்டும் என்று இரண்டு கம்பியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தொட்டால் அறிகிற முறையையும் பார்த்தேன். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு அந்தக் கம்பியிலும் படிந்தது. நேரோட்டம் ஓடியதால் ஒரு கம்பி அரித்தும் போனது. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அது சரிவராது.

போன தவணையில் மருமகள் உயர்தரத் தொழில்நுட்பப் பாடத்துக்கு இதே சுற்றைச் செய்துகொண்டு வந்தாள். 12 வோல்ற் ரிலே, டயோட் சரி, தடை சரி, கால்களின் ஒழுங்கும் சரி. ஆனால் ரிலேயை எமிற்றருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டிருந்தாள், கொலெக்ரர் நேரே 12 வோல்ற்றில்.

"மாமா, எல்லாம் சரி, ஏன் இழுக்குதில்லை?"

"எமிற்றரில எத்தினை வோல்ற் நிக்குது, பார்."

அளந்தாள். 4.3.

"பேஸுக்கு நீ குடுக்கிறது 5. எமிற்றர் அதை விட 0.7 குறையத்தான் நிக்கும். மேல 12 குடுத்தாலும் 24 குடுத்தாலும் ரிலேக்கு 4.3தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் கடதாசியில் கீறினாள். பிறகு ரிலேயைக் கழற்றி மேலே, கொலெக்ரர் பக்கம் கொண்டுபோனாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த மாதிரியான பிழையை அவள் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். 12 வோல்ற் சுருளை ஏன் தெரிந்தாய் என்று கேட்டேன். "400 ஓம் மாமா, 30 மில்லியம்பியர்தான். பிசி547க்குச் சுகம்" என்றாள். அது எனக்கு எட்டு மாதத்தில் ஒருநாளும் தோன்றவில்லை.

இப்போதும் அம்மா இரவில் மோட்டரைப் போட்டுவிட்டுக் கதிரையில்தான் இருக்கிறா. தாங்கி நிரம்பியதும் முதலில் ரிலே சின்னதாக டிக் என்னும், கூடவே கொன்ராக்ரர் டக் என்னும், பிறகு குழாயில் ஒரு டொக். "நிண்டிட்டுது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ப் படுப்பா. நித்திரையிலேயே சொல்கிறாவோ தெரியாது.

முன்வீட்டு அன்ரி தன் தாங்கிக்கும் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறா. சனிக்கிழமை ஐயாவின் கடைக்குப் போக வேண்டும், டயோட் பத்தாவது வாங்கி வைக்கலாம்.